ஓய்வெடுக்காத குழி

எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. சோப்பக்கா என்றால்தான் தெரியும். சுகாதார ஊழியர் வேலை. தோளில் துணிப்பை, அதற்குள் ஒரு டப்பாவில் சோப்புத் துண்டு. வாசலுக்கு வாசல் ஒரே பேச்சு: "கை கழுவினீங்களா? கக்கூஸ் போறீங்களா, இல்ல இன்னும் தண்டவாளத்தோரம்தானா?"

தூரத்தில் தலை தெரிந்ததுமே கதவைச் சாத்துகிற ஆட்களில் நானும் ஒருத்தி. அவர் அசர மாட்டார். படியில் உட்கார்ந்து ஆடுசதையைப் பிடித்துவிட்டபடி காத்திருப்பார். "ஊதுற சங்க ஊதிட்டுப் போறேன், விடியும்போது விடியட்டும்" என்பார். குரலில் அலுப்பு வழியும். ஆனாலும் மறுநாள் வந்து நிற்பார்.

அவர் நச்சரித்து நச்சரித்துத்தான் வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது. கட்டியது அவர் வீட்டுக்காரர், கொத்தனார். கட்டி என்ன பயன், போகத்தான் ஆளில்லை. என் வீட்டுக் கக்கூஸில் பழைய தையல் மெஷினும் வெட்டுத்துணி மூட்டைகளும் குடியிருந்தன. தெருவில் எல்லோருக்கும் இருந்த பயம் ஒன்றுதான்: குழி நிறைந்தால் அதை யார் அள்ளுவது?

"ரெண்டு குழி இருக்குல்ல?" என்று சோப்பக்கா விளக்குவார். "ஒண்ணு ரொம்பினா அந்த வழிய அடைச்சிட்டு அடுத்ததுக்கு மாத்திவிடணும். ரொம்புன குழி சும்மா கெடக்கணும். ஒரு வருஷம் போல ஓய்வு குடுத்தா உள்ள இருக்கறது மண்ணாயிடும். நாத்தமே இருக்காது."

"நீங்க சொல்றீங்க. யார் பாத்தா?" என்றேன்.

"என் வீட்டுக் குழி ஒண்ணு இப்ப ஓய்வுலதான் இருக்கு. வருஷம் முடிஞ்சதும் தெருவக் கூட்டி வச்சுத் தொறக்கிறேன். நானே அள்ளிக் காட்டுறேன், போதுமா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மண்ணு வந்தா என் மெஷின வெளிய தூக்கி வைக்கிறேன். வரலேன்னா இந்தப் பேச்ச எடுத்துக்கிட்டு எங்க வாசப்படி ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். தெருவும் தலையாட்டியது. சோப்பக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த என் மகளைத்தான் பார்த்தார். வயசுப் பெண், இருட்டும்வரை அடக்கி வைத்து அடக்கி வைத்து அடிக்கடி அப்படித்தான் படுத்துக் கிடப்பாள்.

குழி திறக்கும் நாள் வந்தது. காலையிலேயே கூட்டம். வேடிக்கை என்றால் எங்கள் தெரு அடுப்பை அணைத்துவிட்டுக் கூட வரும். வாளியைப் பிடித்துக்கொண்டு நான் முதல் வரிசையில் நின்றேன். கொத்தனார் கடப்பாரையால் மூடியை நெம்பினார்.

குப்பென்று நாற்றம். உள்ளே மண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. கறுப்பாய்த் தளும்பிக்கொண்டிருந்தது. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது.

சோப்பக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தார். குழாய் இரண்டாகப் பிரிகிற சின்னத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு வழியும் திறந்தே கிடந்தன. அடைக்க வேண்டிய கல் ஓரமாய்ச் சாய்ந்திருந்தது.

"அடைச்சிட்டேன்னு சொன்னீங்களே?" என்று மெதுவாகக் கேட்டார்.

கொத்தனார் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி வத்த வத்த உள்ள எடம் வந்துச்சு. அத ஏன் வீணாக்கணும்னு விட்டுட்டேன். ரெண்டும் இருந்தா ரொம்ப நாள் வரும்ல? ஊருக்கெல்லாம் சரியாத்தான் அடைச்சேன். நம்ம வீட்டுக்கு மட்டும்... மழைத்தண்ணி எறங்கிடுச்சுன்னு சொல்லிடு. இல்லேன்னா இனிமே எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?"

மழை என்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். ஆளுக்கொரு பூட்டு வாங்கி அவரவர் கக்கூஸைப் பூட்டியும் இருப்போம், மழை இல்லாத ஊர் ஏது? சோப்பக்கா நெற்றியைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அத்தனை அசதியான முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மழை இல்லீங்க" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க வீட்டுக்காரர் வழிய அடைக்கல. ஓய்வுல இருக்க வேண்டிய குழிக்கும் தெனம் போய்க்கிட்டே இருந்திருக்கு. ஓய்வே இல்லேன்னா அது எப்படி மண்ணாகும்? தப்பு எங்க வீட்டோடது. உங்க குழியெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"ஊருக்குத்தான் உபதேசம்!" என்று ஒரு குரல். சிரித்தார்கள். கொத்தனார் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு பல நாள் அவர் மனைவியிடம் பேசவில்லை என்று கேள்வி.

அன்று சாயங்காலம் நான் வாசலோரம் புது மெஷினில் தைத்துக்கொண்டிருந்தேன். சோப்பக்கா என் வாசலைத் தாண்டிப் போனார். தோளில் பை, கையில் ஒரு சொம்பு. எங்களையெல்லாம் போகாதே போகாதே என்று தொண்டை வற்றக் கத்திய தண்டவாளத்துப் பக்கம்தான் நடந்தார். இரண்டு வழியும் திறந்து கிடந்ததில் வீட்டில் இரண்டு குழியும் ஒன்றாய் நிறைந்துவிட்டன, வேறு எங்கே போவார்?

"அக்கா, நில்லுங்க!"

மூட்டைகளை வெளியே எறிந்தேன். மகளும் நானுமாகப் பழைய மெஷினை இழுத்துப் போட்டோம். "உள்ள வாங்க."

"மண்ணு வரலையேம்மா. நான் ஒன் வாசப்படி ஏறக்கூடாதே" என்றார்.

"என் வாய்க்குத்தான் வேற வேலை இல்ல. வாங்கக்கா."

போய்விட்டு வந்தவர் கையை நீட்டியபடி நின்றார். "சோப்பு எங்க வச்சிருக்கே?"

என்னிடம் சோப்பு இல்லை. அவரே பையிலிருந்து டப்பாவை எடுத்தார், கழுவினார். மூடிப் பைக்குள் வைக்கப் போனவர் எனக்குப் பின்னால் பார்த்துவிட்டு, டப்பாவை மூடாமலே தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தார். சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள். இன்னும் இருட்டவில்லை.