கல்லுக்குக் காவல்

எங்கள் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு, முதலில் தேயிலைக்குள் இருந்தது. நாங்கள் எங்கும் போகவில்லை. நுவரெலியா டவுன்தான் வளர்ந்து வந்து லயத்தைச் சுற்றிக்கொண்டது. இப்போது முன்னால் போன் கடை, பக்கத்தில் ஓட்டல், பின்னால் பஸ் ரோடு. லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. ரோட்டுக்கும் எங்கள் சமையல் குசினிக்கும் நடுவில் ஒரு கல். ஆளைவிட உயரம். நட்டுவைத்த மாதிரி நிற்கும்.

யார் நட்டது என்று யாரும் கேட்டதில்லை. அதில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டுவோம். கொடி கட்டித் துணி காயப்போடுவோம். பஸ்காரர்கள் அதன் மறைவில் ஒன்றுக்குப் போவார்கள். கல் எதற்கும் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு வருசம் ரோட்டை அகலமாக்க ஆள் வந்தார்கள். கல்லிலும் எங்கள் குசினிச் சுவரிலும் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார்கள். மறுநாள் இடிக்கப் பெக்கோ மெசின் வரும் என்றார்கள். அன்றைக்கு என் மனைவி கொழுந்து பறிக்கப் போகவில்லை. மஞ்சள் கரைத்துக் கல்லில் பூசினாள். குங்குமம் வைத்தாள். சிவப்புத் துணி சுற்றினாள். நான் ஒரு சூலம் கொண்டுவந்து நட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். இது என்ன சாமி என்று கேட்டார்.

"பெக்கோ போனதுக்கப்புறம் சொல்றேண்ணே" என்றாள்.

பெக்கோ ஓட்டியவர் சிங்களவர். இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கும்பிட்டார். மெசினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ரோடு அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது. முன்னால் வரும் பஸ் தெரியாது என்பதால் எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள். வெளியூர் ஆட்கள் அது சாமிக்கு என்று நினைக்கிறார்கள்.

முனி என்று பேர் வைத்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. சும்மா கல்லாக இருந்தவரை அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாமியானதும் போட்டோ எடுத்தார்கள். போட்டோ கொழும்புக்குப் போனது. அங்கிருந்து தொல்பொருள் ஆபீஸ் படித்தவர்கள் வந்தார்கள்.

நாலு நாள் அளந்தார்கள். கல்லின் உயரம், அகலம், சாய்வு. இது ராசாக்கள் காலத்துக்கும் முந்தியது, அந்தக் கால மனுசர் நட்டது என்றார்கள். மஞ்சளை மெல்லிய பிரஸ்சால் கழுவி எடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளை யாரும் அவ்வளவு பதமாகக் கழுவியதில்லை. பிறகு அரசாங்கக் கெசட்டில் போட்டார்கள். கல்லுக்கு நம்பர் கொடுத்தார்கள். சுற்றி வேலி, மூன்று பாசையில் போர்டு. இந்த எல்லைக்குள் தோண்டக் கூடாது, கட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் குசினி எல்லைக்குள் இருந்தது.

நாங்கள் நாலு தலைமுறையாக அங்கே இருக்கிறோம். எங்களுக்கு வீட்டு உறுதிப் பத்திரம் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்துதான் கைக்கு வரும். கல்லுக்கு வரும் கடிதம் நேராக வருகிறது.

அந்த வருச மழையில் குசினியின் பின்சுவர் விழுந்தது. தகரத்தைச் சாத்திவைத்தோம். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டல் வாசலில் போட்டது.

மகளை றொசல்லைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து கூட்டிவர நாள் குறித்தாகிவிட்டது. பிள்ளை பிறப்பது ஆஸ்பத்திரியில். அதற்கு முன்னும் பின்னும் தாய் வீடு. அதுதான் முறை. சம்பந்தியம்மா ஒருநாள் வந்து சாத்திய தகரத்தைப் பார்த்தார். வேலியையும் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தபிறகுதான் பேசினார்.

"ஏண்ணே, கல்லுக்கு வேலி போட்டிருக்காங்க. நல்லா இருக்கு. என் மருமகளுக்குச் செவரு எப்ப வரும்?"

மறுநாள் டவுனில் இருக்கிற தொல்பொருள் ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸ் பெரியவர் நல்ல மனுசர். உட்காரச் சொன்னார். சுவர் கட்ட அனுமதி கேட்டால் கொடுக்கலாம், உறுதிப் பத்திரத்தோடு மனுப் போடவேண்டும் என்றார். பத்திரம் இல்லை என்றேன். அப்படியானால் மனுப் போட முடியாது என்றார். கல்லுக்கு யார் மனுப் போட்டது என்று கேட்டேன். அவர் சிரித்தார். கல்லுக்கு வாய் இல்லையே, அதனால் அதற்காக நாங்கள் பேசுகிறோம் என்றார்.

"எங்களுக்கு வாய் இருக்கிறது தப்பா, மாத்தயா?"

அவர் ஒரு பைலை எடுத்துப் புரட்டினார். பிறகு கல்லுக்குக் காவல் ஆள் தேவை, கிட்ட இருக்கிற ஆளாக வேண்டும், நீங்கள் பார்க்கிறீர்களா என்றார். சரி என்றேன். ஒரு தொப்பி, ஒரு விசில், ஒரு கொப்பி கொடுத்தார். எல்லைக்குள் யார் என்ன செய்தாலும் எழுதவேண்டும், தெரிந்தவர் என்று ஒளிக்கக் கூடாது என்றார். ஒளிக்க மாட்டேன் என்று சொன்னேன். நான் நாலாம் வகுப்பு. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

சனி, ஞாயிறு, திங்கள் பௌர்ணமிப் போயா. மூன்று நாள் ஆபீஸ் லீவு. லயத்து ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுவருக்குப் புளொக்கல் தூக்கி வந்தார்கள். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சிமெந்து குழைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் விசிலை எடுத்து ஒருமுறை ஊதினார். எல்லாரும் சிரித்தார்கள். வேலை நிற்கவில்லை. திங்கள் பொழுது சாயுமுன் சுவர் நின்றது. வியாழன் மகள் வந்தாள். கூட வந்த சம்பந்தியம்மா சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். சீலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குசினியில் உட்கார்ந்தார்.

மாத முடிவில் கொப்பியில் எழுதினேன். எல்லைக்குள் ஒருவர் சுவர் கட்டினார். ஆளை எனக்குத் தெரியும். லயத்தில் கடைசி வீடு. கட்டக் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கட்டினார். கேட்டால் மகள் பிள்ளை பெற வந்திருக்கிறாள் என்கிறார். கல்லுக்குச் சேதம் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு ஆபீசுக்கு அனுப்பினேன்.

பேத்தி பிறந்த பதினாறாம் நாள் பதில் வந்தது. பெரியவர் கையெழுத்துதான். ஒளிக்காமல் எழுதியதற்குப் பாராட்டு. அந்த நபரைத் தொடர்ந்து கண்காணிக்கவும்.

காலையில் கண்ணாடி முன் முகம் சவரம் செய்யும்போது கண்காணிக்கிறேன்.