நாலு விரல் இடைவெளி

போன வாரம் என் கடைக்கு ஒருவர் வந்தார். காட்பாடியில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது, ஸ்டியரிங் இழுக்கிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம். இவர் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். டிக்கியைத் திறந்து ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினார். உள்ளே சிவப்புப் பெயின்ட் அடித்த நாலு ஸ்பிரிங். காரைத் தரையோடு தாழ்த்துவதற்கென்றே செய்கிற குட்டை ஸ்பிரிங். போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தாராம்.

"ஷாக் அப்சார்பர் எங்க?" என்றேன்.

"வண்டியோட வந்த கம்பெனி ஷாக்கே இருக்கட்டும் சார். வீடியோல எல்லாரும் அப்டித்தான் போட்றாங்க."

முடியாது என்று சொல்லிவிட்டேன். "பழைய ஆளா இருக்கீங்களே சார்" என்று சிரித்துவிட்டுப் பெட்டியை மூடினார். வேறு எங்காவது மாட்டியிருப்பார். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. புது ஸ்பிரிங்குக்கு ஒரு வாசனை உண்டு, பெயின்டும் எண்ணெயும் கலந்து. அது மூக்கில் ஏறினால் எனக்கு ஆம்பூர் ஞாபகம் வந்துவிடும். ஆம்பூர் என்றதும் நீங்கள் சாப்பாட்டை நினைப்பீர்கள். எனக்கு நினைவு வருவது ஒரு பின்சீட்டு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆம்பூர் பைபாஸ் ஓரம் தயாளன் என்பவருடைய ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். சஸ்பென்ஷன் வேலை முழுக்க என் கையில். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வண்டியின் கதவைத் திறந்தவுடன் அதன் சொந்தக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று வாசனையை வைத்தே சொல்லுவேன். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் வீசினால் தோல் பதனிடும் இடம். சொல்யூஷன் பசை வீசினால் ஷூ கம்பெனி. ஒருமுறை இந்த வித்தையை ஒரு பல் டாக்டரிடம் காட்டப்போய், ஷூ கம்பெனிக்காரர் என்று சொல்லி அசிங்கப்பட்டேன். அவர் தம்பியின் செருப்பு டிக்கியில் இருந்திருக்கிறது.

என் தோஸ்த் இர்ஃபானின் காரில் பசை வாசனையோடு மல்லிப்பூவும் எலுமிச்சை சாதமும் சேர்ந்து வீசும். அவன் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர். வீடு ஒடுகத்தூரில். கம்பெனி பஸ் மாதனூர் வரைக்கும்தான் போகும். அதற்குமேல் டவுன் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் இர்ஃபானின் காரில் வேலைக்கு வந்து போனார்கள். முன்னால் ஒருவர், பின்னால் மூன்று பேர். பின்னால் வலது ஓரம் எப்போதும் கஸ்தூரி அக்காவுக்கு. பதினோரு வருடமாக மெஷினில் ஷூவின் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவர். வண்டி கிளம்பினதிலிருந்து இறங்குகிறவரை பேச்சு நிற்காது என்று இர்ஃபான் பேஜாராகிச் சொல்லுவான். ஆனால் அவர் லீவு போட்ட நாளில் "வண்டியே செத்தா மாதிரி இருக்குதுடா" என்பான்.

இந்த இர்ஃபான் பெங்களூரில் எங்கோ ஒரு தாழ்த்திய காரைப் பார்த்துவிட்டு வந்தான். அதிலிருந்து அவனுக்குத் தன் வண்டியைக் கண்டாலே பிடிக்கவில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டுக் காட்டினான். "நாலு விரல் போவுது மச்சான். மாட்டு வண்டி மாதிரி நிக்குது." நான் என்ன செய்தேன் என்றால், தாழ்த்தினால் எப்படி இருக்கும் என்று சாக்பீஸால் தரையில் படம் போட்டுக் காட்டினேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டினால் நியாயம் இல்லை. எனக்கும் அந்த மோகம் இருந்தது.

தயாளன் காதில் இது விழுந்தது. அவரிடம் இர்ஃபான் வண்டி மாடலுக்கே ஒரு செட் குட்டை ஸ்பிரிங் கிடந்தது. யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனது. விற்றுத் தள்ள ஆள் கிடைத்துவிட்டான்.

பெட்டியைப் பிரித்தது நான்தான். உள்ளே மடித்து வைத்த ஒரு தாள். நான் டிப்ளமா படித்தவன், அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியும். இதற்கென்று உள்ள குட்டை ஷாக்கோடு சேர்த்துத்தான் மாட்ட வேண்டும், ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் கட்டையையும் மாற்ற வேண்டும், நிறைய ஆள் ஏற்றுகிற வண்டிக்கு இது ஆகாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. கொண்டுபோய் தயாளனிடம் காட்டினேன்.

"பேப்பர்ல ஆயிரம் போடுவான். கம்பெனி ஷாக்கே போதும். நீ மாட்டு."

மாட்டினேன். ஜாக்கி போட்டு, சக்கரம் கழற்றி, பழைய ஸ்பிரிங்கைக் கவ்வி போட்டு அமுக்கி வெளியே எடுக்க முழு பலமும் வேண்டியிருந்தது. அவ்வளவு விசை அதில். புதியதோ அமுக்காமலேயே உட்கார்ந்துகொண்டது. பின்சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஸ்பிரிங் கையால் சுற்றினாலே சுற்றுகிறது, அவ்வளவு லூஸ். வண்டியைத் தரையில் இறக்கினேன். ஷாக்கின் தண்டு பாதிக்குமேல் ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தது. இடிக்கு விட்டுக்கொடுக்க மிச்சம் இருந்தது இரண்டு விரல்தான். ஆள் ஏறினால் அதுவும் இருக்காது.

பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது. இர்ஃபான் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு நின்று, "பின்னாடி மூணு பேரு ஒக்கார்றாங்க. ஒண்ணும் ஆவாது இல்ல?" என்று கேட்டான்.

தயாளன் முந்திக்கொண்டு, "இன்னும் ஸ்டெடியா போவும் பாய்" என்றார்.

இர்ஃபான் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அவன் கேட்டதே என்னைத்தான். என் சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. ஒன்றும் ஆகாது என்று நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்று. இவ்வளவு அற்பமான காரணம்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒடுகத்தூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் புதிதாக வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக்கோடு கிடையாது, போர்டு கிடையாது. சாயங்காலம் லேசான மழை. ஐந்து பேரோடு போன வண்டி அதன்மேல் ஏறி இறங்கியது. இர்ஃபான் ஒன்றும் பறக்கவில்லை, சாதாரண வேகம்தான். பழைய ஸ்பிரிங் இருந்திருந்தால் எல்லாரும் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு இர்ஃபானைத் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அன்று இரும்போடு இரும்பு இடித்தது. பின்சீட்டு அப்படியே மேலே தூக்கி அடித்தது. பேசிக்கொண்டிருந்த கஸ்தூரி அக்கா பேச்சை நிறுத்தினார். அவர் ஊரில் வண்டியை நிறுத்தினபோது அவரால் இறங்க முடியவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. மூன்று மாதம் படுக்கை, இடுப்பில் பெல்ட், அதற்கப்புறமும் நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை கூடாது என்றார்கள். மெஷின் தையல் என்பதே நாள் முழுக்க உட்காருவதுதான்.

தயாளனிடம் ஓடினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நிதானமாகக் குடித்து முடித்தார்.

"அந்தம்மாவுக்கு எலும்பு வீக்கா இருந்திருக்கும். ஸ்பிரிங்கு இன்னா பண்ணும்?"

"பேப்பர்ல போட்டிருந்துச்சேண்ணா. உங்க கிட்ட காட்னேனே."

"மாட்னது யாரு? நீதானே? வெளிய போயி பேசினா உன் பேருதான் கெடும்."

இத்தனை வருடம் ஆகியும் அந்த வாக்கியத்தை என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு பெண்ணின் முதுகு நொறுங்கியிருக்கிறது, இந்த மனிதர் என் பெயருக்காகக் கவலைப்படுகிறார். ஷூ கம்பெனியும் சளைத்ததில்லை. சொந்த வண்டியில் நடந்தது, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்றது. மூன்றாவது வாரம் அக்காவின் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. அந்த ஆளுக்கு வேலை காட்டிக்கொடுக்கச் சொல்லி இர்ஃபானுக்கே உத்தரவு.

கஸ்தூரி அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நீதான் மாட்னியாமே?"

"ஆமாக்கா."

"இப்டி ஆவும்னு தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா. நான் பஸ்ஸுல போயிருப்பேனே."

மறுநாள் பழைய ஸ்பிரிங்குகளைத் தேடினேன். அவற்றை ஒரு கோணியில் கட்டி ஒர்க்ஷாப்பின் பின்பக்கம் வைத்திருந்தேன். கோணி இல்லை. தயாளன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அடுத்தவன் வண்டியிலிருந்து கழற்றிய சாமான் அது, அவனைக் கேட்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வேலூரில் உடைக்கிற வண்டிகள் வாங்குகிற கடை கடையாக ஏறி இறங்கி, முன்பக்கம் நசுங்கிய அதே மாடல் காரிலிருந்து பின் ஸ்பிரிங் இரண்டு கிடைத்தது. முன்னால் உள்ளதற்கு இன்னும் நாலு நாள் அலைந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, இர்ஃபானுக்கு லீவு. அவன் வீட்டு வாசலில் வைத்து நாலையும் மாற்றினேன். அவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். வண்டி பழையபடி உயர்ந்து நின்றதும், "இதுல எவன் ஏறப்போறான்" என்று மட்டும் சொன்னான். மற்ற மூன்று பெண்களும் அதற்குள் பஸ்ஸுக்கு மாறியிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஒர்க்ஷாப்பில் இன்னொரு கார் நின்றது. வாணியம்பாடிக்காரர் ஒருவருடையது. அதே வேலை, வேறொரு செட் ஸ்பிரிங், அதே கம்பெனி ஷாக். தயாளன், "பய்யன் நல்லா பண்ணுவான் சார்" என்று என்னைக் காட்டினார். பெட்டியிலிருந்த தாளை எடுத்து அந்த மனிதரிடம் கொடுத்தேன். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கஸ்தூரி அக்காவுக்கு நடந்ததையும் சொன்னேன். வீட்டில் எத்தனை பேர் வண்டியில் போவீர்கள் என்று கேட்டேன். ஆறு பேர் என்றார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தயாளன் சத்தம் போடவில்லை. "நாளைலேர்ந்து வராத" என்றார். "இன்னிக்கே போறேன்" என்றேன். வெளியே வந்து பஸ் ஏறினபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் அது வடிந்துவிட்டது. அந்த மனிதரிடம் சொன்னதில் பாதியை, பாதிகூட வேண்டாம், ஒரே ஒரு வரியை இர்ஃபானிடம் சொல்லியிருந்தால் போதும்.

அப்புறம் எல்லாம் கலைந்துபோனது. இர்ஃபான் வண்டியை விற்றுவிட்டு குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போனான். முதல் இரண்டு வருடம் ரம்ஜானுக்கு போன் வந்தது. தயாளனின் ஒர்க்ஷாப் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. அவர் எங்கே இருக்கிறார் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஷூ கம்பெனி தையல் பிரிவை மூடிவிட்டு வேலையை வெளியே கொடுத்துவிட்டது. ரோடு அகலப்படுத்தினபோது அந்த வேகத்தடையையும் பெயர்த்துவிட்டார்கள். யாரைப் போய்க் கேட்பது சொல்லுங்கள். கேட்க வேண்டியவர்கள் ஒருவர்கூட இருந்த இடத்தில் இல்லை.

கஸ்தூரி அக்கா மட்டும் அதே வீட்டில் இருக்கிறார். கல்லூரிக்காரர் வந்துபோன மறுநாள் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்துவிட்டது. ஷூ மேல்தோலைக் கையால் பின்னுகிற வேலையை ஏஜென்ட் மூட்டை மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்து போடுகிறான். எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. மூட்டையில் பெயர் இல்லை. பி.எஃப் இல்லை, இ.எஸ்.ஐ இல்லை, கேட்டில் கையெழுத்துப் போடுகிற நோட்டு இல்லை. ஜன்னல் ஓரம் நின்றபடி, ஜன்னல்கட்டையின்மேல் தோலை வைத்துப் பின்னிக்கொண்டிருந்தார்.

"ஒக்காருங்கக்கா, பேசலாம்" என்றேன்.

"நீ ஒக்காருப்பா. நான் ஒக்காந்தா எழுந்திரிக்க நேரம் ஆவும். இத சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்."

நான் உட்கார்ந்தேன். அவர் பேசவில்லை. ஊசி தோலில் ஏறி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.