துக்கத்தில் நின்ற வண்டி

மா போனோலோ என்றால் போனோலோவின் அம்மா. போனோலோ பெர்த்தில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் படம் அனுப்புவாள். அம்மாவுக்கு மோட்லலேபுலா என்று சொந்தப் பெயர் ஒன்று உண்டு. தாயைப் பிள்ளையின் பெயரால் கூப்பிடும் எங்கள் ஊர் மொச்சுடியில் அதைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் கணவர் ஒடிரிலே. அவர் போன பிறகு அந்தப் பெயரை உச்சரித்தது ஜோஹன்னஸ்பர்க் கார் கம்பெனி மட்டும்தான். அதுவும் அவளோடு சண்டை போடுவதற்காக.

ஒடிரிலே ஆசைப்பட்டு வாங்கிய பிக்கப் அது. அவரை அடக்கம் செய்த அன்றே கொழுந்தன் வந்து பாட்டரி வயரைக் கழற்றிவிட்டார். மனைவி கறுப்பு உடுத்தும் அந்த ஒரு வருடம் செத்தவரின் பொருளை யாரும் தொடுவதில்லை. அவர் நாற்காலியும் சும்மா இருந்தது, வண்டியும் சும்மா நின்றது. நடுவில் காபரோன் ஷோரூமிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள், வருட சர்வீஸுக்கு நாளாகிவிட்டதென்று.

"வண்டி துக்கத்துல இருக்கும்மா."

"ஐயோ, தெரியாதும்மா. கறுப்பு கழிஞ்சதும் கொண்டாங்க, அவசரமே இல்ல."

அவளும் எங்கள் நாட்டுக்காரிதானே. அனுதாபம் சொல்லிவிட்டு நினைவூட்டலை அழித்தாள். மனிதர்கள் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டதால் வந்த கோளாறு அது.

கறுப்பு கழித்த வாரமே வண்டியை எடுத்தாள். கல்லறைக்குப் போகிற மேட்டில் கியர்பாக்ஸ் உடைந்தது. வாரண்டி இன்னும் முடியவில்லை. ஆனாலும் கம்பெனி கையை விரித்தது: வருட சர்வீஸ் செய்யப்படவில்லை, உரிமையாளரின் அலட்சியம்.

செலவை எப்படியோ விழுங்கியிருப்பாள். அந்தச் சொல்தான் தொண்டையில் நின்றது. "முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம்" என்று கொழுந்தன் சாவு வீட்டில் முனகியிருந்தார். அங்கே அவர் சொல்லாமல் விட்டதைக் கம்பெனி சொல்லிவிட்டது.

அவள் புகாரைக் கவனித்தவன் மொன்ட்லி என்ற ஜூலு இளைஞன். வேலியோர வெயிலில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள், தெருவுக்கே கேட்கும்.

"மோட்லலேபுலா அம்மாதானே பேசுறீங்க?"

"ஆமாப்பா. நல்லா தூங்கினியா? உங்க வீட்ல எல்லாரும் சுகமா? அங்க மழை உண்டா?"

குசலம் முடிந்த பிறகுதான் சண்டை. அது முறை.

ஒருநாள் அவனே கூப்பிட்டான்.

"நல்ல சேதிம்மா! நல்லெண்ணத்துல கம்பெனி இலவசமா மாத்தித் தருது."

"அலட்சியம்னு சொன்னீங்களே, அது?"

"அது கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா. அதை மாத்த முடியாது. கியர்பாக்ஸை மாத்தலாம்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

"அம்மா, இலவசம்மா!"

"உங்க நல்லெண்ணத்தை நீங்களே ஓட்டுங்க. ஏம்ப்பா மொன்ட்லி, உங்க ஊர்ல புருஷன் செத்தா பொண்டாட்டி என்ன செய்வா?"

"எங்கம்மாவும் ஒரு வருஷம் கறுப்புதாம்மா உடுத்தினாங்க."

"அது அலட்சியமா?"

"அம்மா... இந்தப் பேச்சு பதிவாகுது."

"அதான் கேக்குறேன்."

எங்கள் தெருவில் கோழிகூடக் கத்தவில்லை என்று நினைக்கிறேன்.

"இல்லம்மா. அலட்சியம் இல்ல."

"சரி. இப்ப மாத்துங்க."

வண்டி திரும்பி வந்தது. கல்லறை மேட்டை அலுங்காமல் ஏறியது. பக்கத்து இருக்கையில் பூ மட்டும் போனது. ஜெயித்த வழக்கில் ஒரு சங்கடம், அது முடிந்துவிடுகிறது. போன் ஊமையாயிற்று.

சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே அந்த எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஒரு பெண்.

"மொன்ட்லி இல்லையா?"

"அவர் வேற பிரிவுக்குப் போயிட்டாரும்மா. வண்டியில என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லம்மா."

"குறை இல்லாம இந்த நம்பர்ல..."

"தெரியும். என் பேரு அங்க சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அந்தப் பெண் எழுத்துக்கூட்டி வாசித்தாள். மோட்-ல-லே-பு-லா.

"சரியாத்தான் இருக்கு," என்றாள் மா போனோலோ. "இன்னொரு தடவ பாத்துடேன்."