சூடேறாத குழந்தை

“ஏன் அம்மிணி, மார்கழிக் குளுருல எந்தக் கொழந்த சூடா இருக்குது? நாலெழுத்துப் படிச்சுட்டா குளுருகூட நோவாயிருமா?” என்று சிரித்தார் அக்காவின் மாமியார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். நர்சிங் மாணவி, அந்தப் பெருமை எனக்கு உண்டு.

குறைமாதத்தில் பிறந்த மகனை அக்கா வெறும் மார்போடு அணைத்துக் கம்பளிக்குள் வைத்திருந்தாள். அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது. குழந்தையின் முதுகோ கல்லாகச் சில்லிட்டிருந்தது. திறந்திருந்த கண்கள் என்னைத் தாண்டி எதையோ பார்த்தன.

“சமத்துடி. காத்தாலருந்து அழவே இல்ல, பாலும் கேக்கல,” என்றாள் அக்கா.

கிருமிகள் இரத்தத்தில் கலந்தால், இத்தனை சிறிய உடம்பு காய்ச்சலில் கொதிக்காமல் குளிர்ந்தும் போகலாம். விளக்க நான் நிற்கவில்லை. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, மார்பில் குழந்தையோடு இருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பனிமூட்டத்தில் சாலைக்கு இறங்கினேன்.