பதில் சொல்லும் உரிமை

இந்த ஊரில் ஏச்சு வாங்குகிறவர் திருப்பி ஏச வேண்டும். இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து பல வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. நான் வேலை செய்யும் ஹோட்டல் கால்சா என்ற பகுதியில், துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே காலையில் சமையல்காரரும் நிர்வாகியும் ஆளுக்கு ஆள் கையை விசிறிக்கொண்டு கத்துவார்கள். இன்றைக்கு ஒருவருக்கு வேலை போய்விடும் என்று நான் பயந்து நிற்பேன். கொஞ்ச நேரத்தில் இருவரும் எதிர்க் கடையில் தோளோடு தோள் நின்று கோப்பி குடிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதிய காலத்தில், முதலாளி ஏசினால் நான் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் ஏசி முடிப்பார், நான் கணக்குக்குத் திரும்புவேன், அதோடு விஷயம் முடிந்துபோகும். வாயைத் திறந்தவர்கள்தான் அந்தக் கடையில் நிலைக்கவில்லை.

கட்டில் விரிக்கும் வேலையில் இருந்த என்னைப் போன வருடம் ஒரு மாடிக்கு மேற்பார்வையாளராக்கினார்கள். அதனால்தான் வேலைச் சட்டப் பயிற்சிக்கும் என்னை அனுப்பினார்கள். நகரத்து ஹோட்டல்களின் மனேஜர்களும் ஆளணிப் பிரிவுக்காரரும் ஒரு வாரம் இருந்து படித்த வகுப்பு அது. அந்த அறையில் தமிழாள் என்று நான் மட்டும்தான். படிப்பித்தவர் எங்கள் ஹோட்டலுக்கே ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர், சிரிக்காத பெண்மணி. குற்றத்தை எழுத்தில் கொடு, பதிலைக் கேள், அதற்குப் பிறகுதான் தண்டி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரையும் வாயால் மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பக்கூடாதாம். வெயிலாலும் பசியாலும் காதில் பாதிதான் ஏறியது, ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

ஒருநாள் நடித்துப் பார்க்கச் சொன்னார்கள். நான் வேலைக்கு வராத தொழிலாளி, ஒரு மனேஜர் விசாரிப்பவர். அவர் குற்றத்தை வாசித்தார். நான் பழக்கதோஷத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் காத்திருந்தார்கள், பிறகு சிரித்தார்கள். “சிஞ்ஞோரா, ஏன் குற்றவாளி மாதிரி நிற்கிறீர்கள்?” என்று வழக்கறிஞர் கேட்டார். எங்கள் ஊரில் அது மரியாதை என்றேன். “சட்டத்துக்கு மரியாதை தெரியாது. பேச்சுத்தான் கேட்கும்,” என்றார். எனக்கு வெட்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. போய் என் கதிரையில் இருந்துவிட்டேன்.

நான் வகுப்பில் இருந்த அந்த வாரத்தில்தான் என் மாடியில் வேலை செய்யும் சிவயோகத்தின் தம்பி ஊரில் ஷெல் விழுந்து செத்துப்போனான். சிவயோகம் வேலைக்கு வரவில்லை, அறிவிக்கவும் இல்லை. அவளுடைய சீருடையையும் பெயர்ப்பட்டையையும் போட்டுக்கொண்டு அவளுடைய மச்சாள் வந்து கட்டில்களை விரித்துவிட்டுப் போயிருக்கிறாள். முகம் வேறு என்று ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தப் பெயர்ப்பட்டைக்கு மேலே யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புதினமில்லை. விருந்தாளி ஒருவர் ஏதோ கேட்க, மச்சாளுக்கு இத்தாலியன் விளங்காமல் போகத்தான் பிடிபட்டது.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர் சமைத்துக் கொண்டுவருவார்கள், மாட்டை அவிழ்த்துக் கட்டுவார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. மச்சாள் ஹோட்டலுக்கு வந்ததும் அந்த முறையில்தான். நிர்வாகத்துக்கோ பதிவில்லாத ஒருத்தி அறைச் சாவிகளோடு திரிந்தது பெரிய குற்றம். வேலை போனால் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அந்த வதிவிட அனுமதி இல்லாமல் சிவயோகம் இங்கே எத்தனை நாளைக்கு இருப்பாள்?

சிவயோகத்துக்குக் குற்றத்தை எழுத்தில் கொடுத்தார்கள். விசாரணை நாளில் நிர்வாகி, அந்த வழக்கறிஞர், மேற்பார்வையாளராகவும் மொழிபெயர்க்கவும் நான். சிவயோகம் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிர்வாகி கேட்டார். இன்னொருதரம் கேட்டார்.

“வாயைத் திறந்து சொல்லன், பிள்ளை. இஞ்சை பேசாமல் நிண்டால் ஒத்துக்கொண்ட மாதிரி,” என்றேன்.

“என்னத்தையக்கா சொல்ல? மச்சாள் வந்து செய்தவ. அறையெல்லாம் துப்பரவாத்தானே இருந்தது?”

“தம்பி செத்தவனெண்டு ஒரு ரெலிபோன் எடுத்திருந்தால் லீவு தந்திருப்பினம். அதுக்குச் சட்டம் இருக்கு.”

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “தம்பியின்ரை சாவைக் காட்டி லீவு வாங்கிறதோ, அக்கா?”

இதை எப்படி இத்தாலியனில் சொல்வது? அவள் சொன்னதைச் சொன்னேன். பிறகு அவள் சொல்லாததையும் சொன்னேன்: அடுப்பை, அயலவரை, மச்சாளை. வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்கள் இப்போது நிர்வாகத்துக்காகப் பேசுகிறீர்களா, இவருக்காகவா?” என்று கேட்டார். “பதில் கேட்க வேண்டும் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள். இது அவளுடைய பதில்,” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் பேனாவைத் திரும்ப எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

சிவயோகத்துக்குச் சில நாள் சம்பளமில்லாத நிறுத்தம். வேலை தப்பியது. வெளியே வரும்போது நிர்வாகி என் தோளில் மெல்லத் தட்டி, நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதை மறக்க வேண்டாம் என்றார். அவளுடைய வேலை தப்பியதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. மாடிக்குப் போய்த் துவாய்களை எண்ணத் தொடங்கினேன்.

தம்பியின் முப்பத்தொன்றுச் சடங்குக்குச் சிவயோகம் என்னையும் கூப்பிட்டாள். கபோ என்ற பகுதியில் சந்தைக்கு மேலே ஒரு அறையும் குசினியும்தான் அவர்கள் வீடு. படையல் முடிந்து பாய் விரித்தார்கள். பெண்கள் எல்லோரும் நிலத்தில் இருந்தார்கள். நானும் சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தேன். மச்சாள் ஓடிவந்து தடுத்தாள். “ஐயோ அக்கா, நீங்கள் நிலத்திலை இருக்காதேங்கோ.” வீட்டில் இருந்த ஒரே கதிரையைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கீழே அவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சோற்றுக்குக் கொஞ்சம் சொதி வேண்டும்போல இருந்தது. “சொதி இருக்கோ?” என்று கேட்டேன். கதை நின்றது. எல்லோரும் ஒன்றாக எழும்பினார்கள்.