மாமாவின் ஐந்து பௌர்ணமிகள்

ஆறாவது பௌர்ணமிக்கு மாமா ஊரில் இருந்ததே கிடையாது. ஐந்தாவது பௌர்ணமியன்று வெயில் தாழ ஆரம்பிக்கும்போதே கிரிவலம் கிளம்பிவிடுவார். சாமி கும்பிடுகிற நடையா அது? பஸ்ஸைப் பிடிக்கிற நடை. பின்னாலேயே ஓடி எனக்கு அடி அண்ணாமலை வருவதற்குள் மூச்சு வாங்கும். அங்கே ஒரு கடையில் நின்று மோர் குடித்துக்கொண்டே, “இதோட அஞ்சு முடிஞ்சுது பாப்பா” என்பார். அடுத்த வாரம் விமானம். அமெரிக்காவில் நண்பர் வீட்டுக் கீழ்த்தளத்தில் நாலு வாரம் படுத்திருந்துவிட்டுத் திரும்பி வருவார். மறுபடி முதல் பௌர்ணமி.

மாமா என் அம்மாவின் தம்பி. இருபத்தாறு வருஷம் அமெரிக்காவில் ஆஸ்பத்திரி மிஷின்களைப் பழுது பார்த்தவர். கிரீன் கார்டு வாங்கினார், குடியுரிமை மட்டும் வாங்கவில்லை. “பாஸ்போர்ட்ல நம்ம சிங்கம் இருக்கணும்” என்று ஒரு பிடிவாதம். ஓய்வு பெற்று, வேங்கிக்காலில் வீடு கட்டி, அத்தையோடு வந்து இறங்கினார். வந்த வருஷமே அத்தைக்குச் சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவளை அழைத்துக்கொண்டு இனி எந்த விமானமும் ஏற முடியாது. அந்தச் செலவு முழுக்க மாமாவின் அமெரிக்கப் பென்ஷனில்தான் ஓடியது. பிள்ளைகள் கிடையாது, ஊரில் நிலமும் இல்லை.

அமெரிக்காவில் யாரோ ஒரு நண்பர் அவர் காதில் போட்டது இது: ஆறு மாசத்துக்கு மேல் வெளியே இருந்தால் கார்டுக்கு ஆபத்து, கார்டு போனால் பென்ஷனும் போச்சு. அன்றிலிருந்து மாமா ஒரு நாள்கூட நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டே நாள் எண்ணுவார். போகிற ஒவ்வொரு தடவையும் அங்கே விமான நிலையத்தில், “நீ இங்கே வசிக்கிறாயா, வந்து போகிறாயா?” என்று நிறுத்திக் கேட்பார்களாம். அத்தைக்குக் கோபம் வரும். “இந்த மனுஷன் வீட்டுக்கு வந்துட்டாரா, விருந்தாளியா வந்திருக்காரான்னே தெரியலடி” என்பாள்.

இங்கேதான் நான் வருகிறேன். கலெக்டர் ஆபீஸ் எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று ஊருக்கே மனு எழுதித் தருகிறவள் நான். எனக்கு வாய் ஜாஸ்தி, தெரியாது என்று சொல்லிப் பழக்கம் கிடையாது. ஒரு தடவை, ஐந்தாவது பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள், மாமா கடைக்கு வந்து நின்றார். அத்தைக்கு அந்த வாரம் மூச்சு இரைத்துக்கொண்டே இருந்தது.

“பாப்பா, அந்த பென்ஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாக்கலாமா? பொண்டாட்டிக்கு முடியல, நான் இங்கயே இருந்துட்டா என்ன ஆகும்னு?”

நான் தட்டச்சிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ஐயோ மாமா, சும்மா இருங்க. நாமளே போய்க் கேட்டா நம்ம ஃபைலைத் தூசு தட்டி எடுத்துருவாங்க. எத்தனை பேருக்கு இப்படி நின்னு போனதைப் பாத்திருக்கேன்! பேசாம ஒரு நடை போய்ட்டு வந்துடுங்க. அத்தையை நான் பாத்துக்கறேன்.”

அவர் தலையை ஆட்டினார். என் கடையில் நாள் முழுக்க எல்லாருக்கும் நான் சொல்கிற புத்திதான் அது. ஆபீஸில் வாயைத் திறக்காதே, இருக்கிறதும் போய்விடும். சர்க்காரைப் பார்த்தாலே ஒதுங்கி நிற்கிற இந்தப் பயத்தைக் கடல் தாண்டி இருக்கிற ஆபீஸுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேன். மாமா கிளம்பினார்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம், டயாலிசிஸ் நாற்காலியிலேயே அத்தைக்கு நெஞ்சு நின்றுவிட்டது. நான் கையைப் பிடித்திருந்தேன். “உங்க மாமா டிக்கெட் என்னிக்கு?” என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது. ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தோம். மாமா வாசலில் இறங்கியவர் நேரே உள்ளே போய், கண்ணாடி மேல் கையை வைத்தபடி நின்றார். அழவில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, “இனிமே போகல பாப்பா. பென்ஷன் போனா போகட்டும். இருக்கிறதை வெச்சு நாலு நாள் சாப்பிடறேன்” என்றார். ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்காமல் விட்டோமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குச் சொல்லாமல் அந்தப் பென்ஷன் ஆபீஸுக்கு மெயில் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தேவையான வருஷங்கள் அங்கே வேலை செய்து வரி கட்டியிருக்கிறார், இந்தியக் குடிமகன், ஆகவே கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்தியாவிலேயே இருந்தாலும் பென்ஷன் தொடர்ந்து வரும். கொஞ்சம் வரி பிடிப்பார்கள், அவ்வளவுதான். நாலே பத்தி. நாலைந்து வருஷமாக அவரை ஓட ஓட விரட்டியதற்கு இந்த நாலு பத்திதான் பதில். அந்தச் சிங்கம் போட்ட பாஸ்போர்ட்டே அவரைக் காப்பாற்றியிருக்கும், கேட்டிருந்தால்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. மாமா தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“அப்ப நான் போயிருக்கவே வேணாம்.”

“ஆமா மாமா.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, “நீயாவது தைரியமா கேட்டியே. எனக்கு அந்தத் தைரியம் வரலம்மா” என்றார்.

நான்தான் கேட்க விடவில்லை என்பது அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா, எனக்காக மறந்தாரா, தெரியவில்லை. அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இன்று வரை வரவில்லை.