வேலுச்சாமி பாங்காக்கில் உட்கார்ந்த பந்தி

சாப்பிடுவதற்காகத்தான் பாங்காக் போகிறேன் என்று வேலுச்சாமி சொன்னபோது கேம்ப்பில் ஒரு ஆள்கூட நம்பவில்லை. "சாப்பிடவா? சரி சரி, நல்லாச் சாப்பிட்டுட்டு வா" என்று கண்ணடித்தார்கள். எங்கள் ஃபோர்மேன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. நான் மட்டும் நம்பினேன். துபாய் ஜெபல் அலியில் வருஷக்கணக்காக அவனோடு ஒரே ரூமில் இருக்கிறவன் நான்.

அவனுக்கு முதுகுளத்தூர் பக்கம். எனக்கு நாசரேத்து. பேர் ஜெயசீலன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், நான் சரக்கு சரிபார்க்கிறேன். என்னை 'மச்சான்' என்பான், நான் அவனை 'மாப்ள' என்பேன்.

கேம்ப் மெஸ்ஸில் என்ன கிழமையானாலும் பருப்பும் சோறும்தான். நாங்கள் லீவு நாளில் தூங்கிக் கழிப்போம். வேலுச்சாமியோ குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். தேராவில் எத்தியோப்பியாக்காரர்கள் புளித்த தோசை மாதிரி ஒன்றை மேசை அகலத்துக்கு விரித்து அதன்மேல் குழம்பை ஊற்றித் தருகிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தது அவன்தான். சத்வாவில் பிலிப்பைன்ஸ் கடை, நைஃபில் பட்டாணியர் ரொட்டிக் கடை, இன்னும் பேர் தெரியாத எத்தனையோ. டாக்ஸி டிரைவர்கள் வண்டியை நிறுத்தி இறங்குகிற கடைதான் அவனுக்குக் கடை. மெனு கார்டைத் தொடவே மாட்டான். பக்கத்து மேசையில் இருப்பவர் தட்டைப் பார்ப்பான், பிடித்திருந்தால் அதை விரலால் காட்டுவான். ரூமுக்குத் திரும்பியதும் ஒவ்வொரு வெஞ்சனமாகச் சொல்லச் சொல்ல, பருப்புச் சோறு தின்ற எங்களுக்கு வயிறு எரியும்.

இந்தியாக்காரர்களுக்கு தாய்லாந்து போக விசா வேண்டாம் என்று கேள்விப்பட்ட அன்றிலிருந்து அவனுக்கு நிலைகொள்ளவில்லை. ஊருக்குப் போகிற லீவில் முதல் நாலு நாள் பாங்காக், அங்கிருந்து சென்னை என்று திட்டம் போட்டான். துணைக்கு என்னைக் கூப்பிட்டான். எனக்குக் கல்யாணமாகவில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவன் வடிவிடம் கேட்க வேண்டும்.

வடிவு அவன் மனைவி. போனில் அவள் சொன்னது பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது. "தாராளமாப் போங்க. ஆனா ஒவ்வொரு வேளையும் சாப்பிட உக்காந்ததும் வீடியோ கால் போட்டுத் தட்டைக் காட்டணும். பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னும் காட்டணும்."

"இது என்ன மாப்ள, கேம்ப் மேனேஜரை விடக் கெடுபிடியா இருக்கு?" என்றேன்.

"தட்டைத்தானே கேக்குறா? காட்டிட்டாப் போச்சு" என்றான்.

பாங்காக்கில் இறங்கிய முதல் நாளே அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. எங்கே பார்த்தாலும் நடைபாதையில் அடுப்பு! இந்தப் பக்கம் கரியில் மீன் வாட்டுகிறார்கள், அந்தப் பக்கம் ஒரு பெண் பப்பாளிக்காயைச் சீவி உரலில் போட்டு மிளகாயோடு இடிக்கிறாள். எவர்சில்வர் தட்டங்களில் பத்துப் பதினைந்து குழம்பு வரிசையாக இருக்கிறது. எதைக் காட்டினாலும் சோற்றின் மேல் ஊற்றித் தருகிறார்கள். இரண்டு பேரும் வயிறு முட்டத் தின்றாலும் தேராவில் ஒரு ஆள் சாப்பிடுகிற காசுதான் ஆனது. வேலுச்சாமி மாட்டுக்கறி சாப்பிட மாட்டான். அதைக் கேட்கப் பாஷை இல்லாமல், குழம்பைக் காட்டி "ம்மா...ஆ?" என்று கன்றுக்குட்டி மாதிரி கத்தினான். கடைக்காரம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு தலையை ஆட்டி மறுத்து, கைகளைச் சிறகாக அடித்து "கொக் கொக்" என்றாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

வேளாவேளைக்கு வடிவுக்கு வீடியோ போனது. முதல் நாள் முறைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாம் நாள், "அந்தச் சிவப்பா இருக்கே, அது என்ன? கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கால்போன போக்கில் நடந்து ஒரு சந்துக்குள் புகுந்தோம். சந்தை அடைத்துத் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். வட்ட மேசைகள், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைக்கு மேசை ஆவி பறக்கிற தட்டுகள். பந்தலுக்கு வெளியே நாலைந்து டாக்ஸிகள் நின்றன. வேலுச்சாமி என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"டாக்ஸியைப் பாத்தியா? இதாண்டா கடை!"

காலியாக இருந்த இரண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தோம். எதிரே இருந்த பெரியவர் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். நாங்களும் கூப்பினோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. சோறு வந்தது, முழு மீன் ஒன்று எலுமிச்சையும் பூண்டும் மிதக்க வந்தது, பிறகு கோழி, இறால், ஒரு சூப். விரலைக்கூட நீட்டவில்லை, வந்துகொண்டே இருக்கிறது.

"மாப்ள, எல்லாரும் பட்டுடுத்தி வந்திருக்காங்களே?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைல்ல, குடும்பத்தோட வந்திருப்பாங்க. நீ மீனைச் சாப்பிடு."

அப்படியே போனை எடுத்து வடிவைக் கூப்பிட்டான். மீனைக் காட்டினான், இறாலைக் காட்டினான். பிறகு வழக்கம்போல் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று காட்ட போனைச் சுழற்றினான்.

"நில்லுங்க! நில்லுங்க! கொஞ்சம் பின்னால போங்க" என்று வடிவு கத்தினாள். "அங்கிட்டு, அந்த வீட்டு வாசல்ல என்ன நடக்குது?"

எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு வீடு. வாசல் கதவுகள் அகலத் திறந்திருந்தன. உள்ளே ஒரு பெண்ணும் பையனும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டுக் கைகூப்பியிருந்தார்கள். இருவர் தலையிலும் வெள்ளை நூல் வளையம், ஒன்றையொன்று இணைத்து ஒரே நூல். ஒவ்வொருவராகப் போய்ச் சங்கால் அவர்கள் கையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

"தாரை வாக்குறாங்கங்க! அது கல்யாண வீடு! கூப்பிடாத வீட்டுல போய்ப் பந்தியில உக்காந்திருக்கீங்களே!"

நான் கையிலிருந்த மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வேலுச்சாமி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "சாரி, சாரி! பில்? பில்?" என்று பையிலிருந்து பர்ஸை உருவினான். எதிரே இருந்த பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தம் கேட்டு, மரகதப் பச்சைப் பட்டில் ஒரு அம்மாள் வந்தார். கூடவே கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒரு இளம்பெண், மணப்பெண்ணின் தங்கை.

"நோ பில். வெட்டிங்" என்றாள் அவள். "மை சிஸ்டர்."

"நாங்க கடைன்னு நெனச்சு..." என்று வேலுச்சாமி தமிழிலேயே ஆரம்பித்து, பந்தலைக் காட்டி, மேசையைக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டான். தங்கைக்காரி புரிந்துகொண்டு, பச்சைப் பட்டு உடுத்திய தன் தாயிடம் சொன்னாள். ஒரு கணம் அந்த அம்மாள் எங்களையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு! மேசைக்கு மேசை செய்தி பரவி, பந்தலே சிரித்தது. அந்த அம்மாள் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி, வேலுச்சாமியின் தோளை அமுக்கி உட்காரவைத்து, அவன் தட்டில் இன்னொரு இறாலை எடுத்து வைத்தார்.

போனுக்குள்ளிருந்து வடிவு கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "ஏங்க, பொண்ணுக்கு அம்மாவா அவங்க? போனை அவங்ககிட்டக் குடுங்க!"

கொடுத்தான். அந்த அம்மாள் பேர் சோம்ஸ்ரீ. சோம்ஸ்ரீ தாய்லாந்து மொழியில் பேசினார், வடிவு முதுகுளத்தூர்த் தமிழில் பேசினாள். "பொண்ணு லட்சணமா இருக்கா. மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?" என்று வடிவு கேட்க, சோம்ஸ்ரீ ஏதோ நீளமாகப் பதில் சொல்ல, வடிவு "அப்படியா!" என்றாள். என்ன புரிந்ததோ, கர்த்தருக்கே வெளிச்சம். சோம்ஸ்ரீ போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் மணமேடை, சீர்த்தட்டு, சமையல்கட்டு எல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

போன் திரும்பி வந்ததும் வடிவு சொன்னாள், "வெறுங்கையோட வந்துராதீங்க. மொய் வைங்க. நம்ம ரெண்டு பேரு பேரையும் எழுதுங்க."

அங்கேயும் மொய் உண்டு. தங்கைக்காரி ஒரு கவர் கொடுத்தாள். வேலுச்சாமி கையிலிருந்த தாய்லாந்து நோட்டில் பாதியை உள்ளே வைத்து, மேலே தமிழில் 'வேலுச்சாமி – வடிவு, முதுகுளத்தூர்' என்று எழுதினான். அதைக் கொடுத்ததும் சோம்ஸ்ரீ அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திவிட்டார். அவன் முறை வந்தது. சங்கை வாங்கினான். பொண்ணு கையிலும் மாப்பிள்ளை கையிலும் தண்ணீரை ஊற்றி, "பதினாறும் பெத்துப் பெருவாழ்வு வாழுங்க" என்றான். அந்தப் பிள்ளைகள் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், தங்கச்சி கல்யாணத்தப்ப லீவு கிடைக்கலடா. என் கல்யாணத்துக்கு அப்புறம் நான் முன்னால நின்ன முதல் கல்யாணம் இதாண்டா" என்றான்.

பிறகு மேளம் அடித்தார்கள். டாக்ஸிக்காரர்களும் கிழவிகளும் ஆடினார்கள். நானும் ஆடினேன். வேலுச்சாமி ஆடிய ஆட்டத்தில் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தது. வியர்த்து வழிய வந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை மீன் வாங்கிச் சாப்பிட்டான்.

வேலுச்சாமி ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வடிவும் சோம்ஸ்ரீயும் நம்பரை வாங்கிக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். போனே மொழிபெயர்த்துத் தருகிறதாம். அந்த வருஷமே வடிவு மதுரைக்குப் போய் பாஸ்போர்ட் எடுத்தாள். அடுத்த லீவுக்கு வேலுச்சாமி துபாயிலிருந்தும் அவள் சென்னையிலிருந்தும் கிளம்பி பாங்காக்கில் சந்தித்தார்கள். எனக்கு லீவு இல்லை.

இரண்டாம் நாள் விடிகாலையில், நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வடிவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் ஒரே சந்தை இரைச்சல், படகு மோட்டார் சத்தம்.

"அண்ணே, இவரு இன்னும் தூங்குறாரு. நானும் சோம்ஸ்ரீ அக்காவும் படகுல மார்க்கெட் வந்துட்டோம். இங்க தேங்காப்பால்ல குழிப்பணியாரம் மாதிரி ஒண்ணு சுடுறாங்கண்ணே, மூணு தட்டு ஆச்சு! எந்திரிச்சு எங்களைத் தேடி உங்களுக்குப் போன் போட்டாருன்னா, பசிச்சா அவரைச் சாப்பிட்டுக்கச் சொல்லுங்க. நாங்க வர நேரமாகும்."